தானாகப் பாயுமா கார்? காலா, கருவியா என்றொரு பழைய வழக்கு

பழைய பென்ஸ், பழைய ஆடி, பழைய பி.எம்.டபிள்யூ. பிழைக்க வந்து பெங்களூரில் கொஞ்ச வருஷம் ஓட்டிவிட்ட நம்மூர்க்காரர்கள் பலருக்கும் வருகிற ஆசை இது. புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய வண்டி என்றால் சாதாரணப் புதுக் கார் விலைக்கே கிடைத்துவிடும். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவிலேயே இப்படி மூன்று நிற்கின்றன. நான் கார் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வேலை பார்ப்பவன் என்பதால் வாங்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். மைலேஜ், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் பேசி முடித்தபிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும். "ஏங்க, ஆட்டோமேட்டிக் வண்டி சில சமயம் தானா பாஞ்சிடுமாமே, நெசமா?"

ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. இதற்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது. இரண்டு பெரிய கம்பெனிகள் இதில் அடி வாங்கியிருக்கின்றன. நம்மைப் போலப் பிழைக்கப் போன ஒரு மனிதர் ஜெயிலுக்கே போயிருக்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆசை

இயந்திரத்தின் வேகத்தை இயந்திரமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது காரைவிடப் பழைய யோசனை. 1788-ல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினில் இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் கூடினால் குண்டுகள் விரியும், நீராவி குறையும். வேகம் குறைந்தால் குண்டுகள் இறங்கும், நீராவி கூடும். இதற்குப் பெயர் கவர்னர்.

காருக்கு இதே வேலையைச் செய்யும் க்ரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்க எஞ்சினியர். ஐந்து வயதிலேயே கண்பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே கார் ஓட்டும்போது வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனதாம், அந்த எரிச்சலில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். 1950-ல் காப்புரிமை கிடைத்தது. 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் ஆடம்பரக் காரான இம்பீரியலிலும் வேறு சில மாடல்களிலும் அதைப் பொருத்தியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேகம் சம்பந்தப்பட்ட எந்தப் புது வசதியும் முதலில் பணக்காரர்களின் காரில்தான் வரும். அதனால் அது கிளப்பும் சந்தேகங்களும் முதலில் அங்கேதான் வரும்.

ஆடி 5000

மற்ற நாடுகளில் ஆடி 100 என்று விற்ற காரை அமெரிக்காவில் ஆடி 5000 என்று விற்றார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி வாங்கிய ஜெர்மன் வண்டி. 1980-களின் நடுவில் அதன்மேல் ஒரே மாதிரியான புகார்கள் குவிந்தன. வண்டி நின்றுகொண்டிருக்கும். பார்க்கிலிருந்து டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ கியரை மாற்றியதும் சீறிப் பாயும். "பிரேக்கை மிதித்தேன், நிற்கவே இல்லை" என்றார்கள் ஓட்டியவர்கள். 1986-ல் ஓஹையோ மாநிலத்தில் கராஜ் கதவைத் திறக்கப் போன ஆறு வயதுப் பையன், தன் தாய் ஓட்டிய காரிலேயே அடிபட்டு இறந்துபோனான்.

1986 நவம்பர் 23 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இதைக் காட்டியது. ஆக்ஸிலரேட்டர் பெடல் யாரும் தொடாமல் தானாகவே கீழே இறங்கும் காட்சியும் அதில் வந்தது. பார்த்தவர்கள் அரண்டு போனார்கள். அந்தக் காரின் கியர்பாக்ஸில் ஒரு நிபுணர் துளை போட்டு, வெளியிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தித்தான் பெடலை இறங்க வைத்தார் என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. 1985-ல் அமெரிக்காவில் சுமார் 74,000 கார் விற்ற ஆடி, 1991-ல் சுமார் 12,000-க்கு இறங்கியது.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை 1989-ல் வந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் வண்டியில், எஞ்சின் முழு வேகத்தில் இழுத்தாலும் சரியாக மிதித்த பிரேக் அதை நிறுத்திவிடும். பெரும்பாலான விபத்துகளில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்றது அறிக்கை. கனடா, ஜப்பான் அரசுகளின் ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன.

"அப்போ தப்பு ஓட்டினவங்க மேலதான்" என்று பலரும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அறிக்கையின் மறுபாதி இன்னும் சுவாரசியமானது. ஆடியின் ஐடிலிங் வேகத்தைச் சீராக வைக்கும் அமைப்பில் சில வண்டிகளில் பழுது இருந்தது. அதனால் எஞ்சின் திடீரென்று உறுமி, வண்டி ஒரு கணம் முன்னே தள்ளும். போதாக்குறைக்கு ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் அமெரிக்கர்கள் பழகிய இடைவெளியிலும் உயரத்திலும் இல்லை.

இப்போது கோர்த்துப் பாருங்கள். வண்டி எதிர்பாராமல் ஒரு உதறு உதறுகிறது. பதறிப்போய் காலை அழுத்துகிறோம். கால் தவறான பெடலில். வண்டி பாய்கிறது. 'பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லையே' என்று மூளை இன்னும் அழுத்தச் சொல்கிறது. ஓட்டியவர் பொய் சொல்லவில்லை. பிரேக்கைத்தான் மிதிப்பதாக அவர் மனதார நம்பினார்.

பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிலிருந்து கியரை எடுக்க முடியும் என்று ஒரு பூட்டை ஆடி கொண்டு வந்தது. 1987-ல் சுமார் இரண்டரை லட்சம் பழைய வண்டிகளைத் திரும்ப அழைத்து அதைப் பொருத்தவும் செய்தார்கள். பிறகு மற்ற கம்பெனிகளும் பின்பற்றின. 2010 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் இது சட்டப்படி கட்டாயம். மனிதனின் கால் தவறும் என்று தெரிந்தபின், அதை எதிர்பார்த்து இயந்திரத்தைச் செய்வதுதான் எஞ்சினியரின் வேலை. முப்பது வருடச் சண்டையில் உருப்படியாக மிஞ்சிய பாடம் இதுதான் என்பேன்.

கம்பி போய் மென்பொருள் வந்தது

ஆடி 5000-ல் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே நேரடியான இயந்திரத் தொடர்பு இருந்தது. அந்தக் கேபிளை முதலில் கைவிட்ட கார்களில் ஒன்று, 1987-ல் வந்த பி.எம்.டபிள்யூ 750. மறுபடியும் ஆடம்பரக் கார்! பெடலில் ஒரு சென்சார் இருக்கும். எவ்வளவு மிதித்தோம் என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் ஒரு மோட்டாரை வைத்து த்ராட்டிலைத் திறக்கும். இன்றைக்கு ஏறக்குறைய எல்லாக் கார்களும் இப்படித்தான்.

இதில் நம்ம பெங்களூருக்கும் பங்கு உண்டு. ஆடுகோடியில் 1953 முதல் இயங்கிய மைக்கோ தொழிற்சாலையைத் தெரியாத பழைய பெங்களூர்த் தமிழர் இருக்க முடியாது. அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. கார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கான மென்பொருள் வேலை இந்த ஊரில் பல கம்பெனிகளில் நடக்கிறது. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த பிள்ளைகள் எழுதும் வரிகள் எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் யாரோ ஒருவருடைய காலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஓடுகின்றன. சாதாரணப் பொறுப்பா?

லெக்சஸ், ஒரு மிதியடி, 120 கோடி டாலர்

2009 ஆகஸ்ட் 28. கலிஃபோர்னியாவில் சான் டியேகோ அருகே சான்ட்டீ என்ற ஊர். நெடுஞ்சாலைப் போலீஸ் அதிகாரி ஒருவர் வேலை நேரம் முடிந்து குடும்பத்தோடு போகிறார். சர்வீஸுக்கு விட்ட வண்டிக்குப் பதிலாக டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்சஸ் ஈ.எஸ். 350. ஆக்ஸிலரேட்டர் மாட்டிக்கொண்டது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். அவசர எண்ணுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே விபத்து. நாலு பேரும் இறந்தார்கள். வேறொரு மாடலுக்கான பெரிய ரப்பர் ஃப்ளோர் மேட்டை இந்த வண்டியில் போட்டிருந்தார்கள். அதன் விளிம்பில் பெடல் சிக்கியது. ஓடும் வண்டியில் எஞ்சினை அணைக்க ஸ்டார்ட் பட்டனை மூன்று விநாடி தொடர்ந்து அழுத்த வேண்டும். இரவல் வண்டியில் இது யாருக்குத் தெரியும்?

பயிற்சி பெற்ற போலீஸ்காரர் ஓட்டிய வண்டி என்பதால் "தப்பான பெடலை மிதித்திருப்பார்" என்ற பழைய பதில் எடுபடவில்லை. டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. 2010 பிப்ரவரியில் அகியோ டொயோடாவே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். கம்ப்யூட்டர்தான் காரணமா என்று பார்க்க நாசா விஞ்ஞானிகளையே கூப்பிட்டார்கள். அப்படியொரு எலக்ட்ரானிக் கோளாறைத் தாங்கள் காணவில்லை என்றது 2011-ல் வந்த அவர்களுடைய அறிக்கை. ஆனால் 2013-ல் ஓக்லஹோமா நீதிமன்றத்தில், 2005 மாடல் கேம்ரி பற்றிய வழக்கில், மென்பொருளை வரிவரியாகப் படித்த நிபுணர் அதில் ஆபத்தான குறைகள் உண்டு என்று சாட்சி சொன்னார். ஜூரிகள் 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். 2014-ல், பாதுகாப்புக் குறைகளைப் பற்றி மக்களிடம் உண்மையை மறைத்ததற்காக டொயோட்டா அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது.

ஒரு குடியேறியின் கதை

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தது சொகுசுக் கார்க்காரர்களின் கதை இல்லை.

2006 ஜூன் மாதம், மினசோட்டாவின் செயின்ட் பால் நகரம். அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடியேறிய ஹ்மொங் இனத்து இளைஞர் ஒருவர், கர்ப்பிணி மனைவி, மகள், அப்பா, சகோதரரோடு 1996 மாடல் கேம்ரியில் போகிறார். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் சரிவில் வண்டி வேகமெடுத்து, முன்னால் நின்ற காரில் மோதியது. அந்தக் காரில் இருந்த ஒரு தகப்பனும் மகனும் இறந்தார்கள். படுகாயம் அடைந்த ஒரு சிறுமியும் பிறகு இறந்துபோனாள்.

"பிரேக்கை மிதித்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவருடைய வக்கீலே, தவறான பெடலை மிதித்திருப்பார் என்றுதான் ஜூரிகளிடம் வாதாடினார். எட்டு வருடத் தண்டனை. டொயோட்டா விவகாரம் வெடித்த பிறகுதான் இந்த வழக்கை மறுபடி தூசி தட்டினார்கள். விபத்தின்போது பிரேக் விளக்குகள் எரிந்திருக்கின்றன என்று நிபுணர்கள் சொன்னார்கள். 2010 ஆகஸ்டில் விடுதலையானார். 2015-ல் சிவில் வழக்கில் ஜூரிகள் 60 சதவீதப் பொறுப்பு டொயோட்டாவுக்கு, 40 சதவீதம் அவருக்கு என்று பிரித்தார்கள். அது கேபிள் வைத்த பழைய வண்டி, கம்ப்யூட்டர் த்ராட்டில் கிடையாது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

பாஷை தெரியாத ஊரில் நம் பேச்சுக்கு எடை குறைவு என்பது வெளியூரில் வாழும் நம் எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரியும். 'காலா, கருவியா' என்ற கேள்விக்கு அவசரமாகப் பதில் சொன்னால் அந்தப் பதில் யார் தலையில் விடியும் என்பதற்கு இந்த வழக்கு சாட்சி.

நமக்கு என்ன?

நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓட்டக் கற்றது கிளட்ச் வண்டியில். பயந்தால் இரண்டு காலையும் அழுத்துவது நம் பழக்கம். கிளட்ச் வண்டியில் அது நல்ல பழக்கம். எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குப் போகாது. ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காப்பு இல்லை. அதில் நியூட்ரல்தான் கிளட்ச். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவிடம் சாவியைக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

1. வண்டி தானாக வேகமெடுத்தால் பிரேக்கை ஒரே மிதியாக, முழு பலத்தோடு மிதியுங்கள். விட்டு விட்டு மிதிக்காதீர்கள். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது அப்படிச் செய்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

2. கூடவே நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். வண்டி நின்றபிறகு அணைக்கலாம். ஓடும்போது சாவியைப் பூட்டும் நிலை வரை திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை.

3. பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால், ஓடும்போது அணைக்க என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் இன்றே பாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை.

4. ஓட்டுநர் பக்கத்தில் மேட்டுக்கு மேல் மேட் போடாதீர்கள். அந்த மாடலுக்கான மேட்டை மட்டும் கொக்கியில் மாட்டிப் போடுங்கள். இடம்பெயர்ந்த மேட்டைவிட வெறும் தரை மேல்.

5. பழைய சொகுசு வண்டி வாங்கும்போது ஐடிலிங் சீராக இருக்கிறதா, பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிலிருந்து கியர் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் ஆடி கொண்டு வந்த அந்தப் பூட்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சரி செய்யாமல் வாங்காதீர்கள்.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் வரும் புதுக் கார்கள் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் பீப் அடிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். நல்லதுதான். ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே, வண்டியை நிறுத்தாது. அதற்கு முன் வந்த வண்டிகளில் பெரும்பாலும் அதுவும் இருக்காது.

ஆக, தானாகப் பாயுமா என்று கேட்டால் என் பதில்: அபூர்வமாகப் பாயும், அதைவிட அதிகமாக நாமே அறியாமல் பாய வைப்போம். இரண்டில் எது நடந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான். பிரேக், நியூட்ரல். வீட்டில் யாரெல்லாம் அந்த வண்டியை ஓட்டுகிறார்களோ எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியான மைதானத்துக்குக் கூட்டிப் போய், மெதுவாக ஓடும் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளிப் பழக்கிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.