நீரிழிவுள்ள பூனைகளில் மலச்சிக்கல்

நீரிழிவு கண்ட பூனையின் பெருங்குடலில் மலம் தங்கி, நீர் வற்றி இறுகி, முக்கினாலும் வெளியேறாத நிலை. மலச்சிக்கல் எந்தப் பூனைக்கும் வரலாம். ஆனால் சர்க்கரை நோயுள்ள பூனையிடம் அது பெரும்பாலும் உடம்பில் நீர் குறைந்திருப்பதையும் சர்க்கரை கட்டுக்குள் வராததையும் காட்டுகிறது. ஆகவே மலத்தை இளக்குவது சிகிச்சையில் பாதிதான். சர்க்கரையைக் கவனிக்காமல் மலமிளக்கி மட்டும் கொடுத்துவந்தால் சிக்கல் திரும்பத் திரும்ப வரும்.

பூனைகளின் நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காது; நாளடைவில் சுரப்பும் குறையும். ஏழு வயதைக் கடந்த, உடல் பருத்த, விதை நீக்கப்பட்ட ஆண் பூனைகளிடம் இது மிகுதி. அரிப்புக்கும் இளைப்புக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு கொடுத்த பூனைகளுக்கும் வரும். கல்மரப் பூங்காவுக்குப் பேர்போன திருவக்கரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் எலி பிடித்துத் திரியும் நாட்டுப் பூனைகளே அதிகம். அவற்றுக்கு உடல் பருக்கும் வாய்ப்பு குறைவு. திண்டிவனம், விழுப்புரம் போன்ற நகரங்களில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, நாள் முழுவதும் தட்டில் கிடக்கும் உலர்தீவனத்தைக் கொறித்து வளரும் பெர்சியன் பூனைகளிடம்தான் இந்த நோயை முதலில் எதிர்பார்க்க வேண்டும்.

பூனையின் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 250 முதல் 290 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது. அது தன்னோடு நீரையும் இழுத்துச் செல்வதால் பூனை அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. இழந்த அளவுக்கு அது குடித்து ஈடுகட்ட முடியாதபோது, உடல் பெருங்குடலில் இருக்கும் மலத்திலிருந்து கூடுதல் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. விளைவு, ஆட்டுப் புழுக்கை போலக் காய்ந்த துண்டுகள். கிண்ணத்தில் தண்ணீர் வேகமாகத் தீர்வதைப் பார்த்து, பூனைக்கு நீர்ச்சத்து போதுமான அளவு இருப்பதாக நினைப்பது வழக்கமான தவறு. வந்த நீரைவிடப் போன நீர் அதிகம்.

சிறுநீரோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. இன்சுலின் சிகிச்சை தொடங்கியதும் ரத்தத்தில் எஞ்சிய பொட்டாசியம் திசுக்களுக்குள் புகுவதால் அளவு இன்னும் இறங்கலாம். பொட்டாசியம் குறைந்தால் தசைகள் தளரும். குடல் தசையும் அதற்கு விலக்கல்ல. நரம்புப் பாதிப்பு மற்றொரு காரணம். நீரிழிவால் மனிதரின் குடல் நரம்புகள் மந்தமாவது நன்கு அறியப்பட்டது. பூனையில் கண்ணுக்குத் தெரிவது பின்னங்கால் நரம்புப் பாதிப்பு: விரல் நுனியில் நடக்க வேண்டிய பூனை குதிகால் தரையில் படும்படி தொய்ந்து நடக்கும், மேசை மேல் தாவத் தயங்கும். அப்படிப்பட்ட பூனையால் மண்தட்டில் குந்தி, முக்கும் அளவுக்கு நிலைத்து நிற்க முடியாது. மூட்டுவாதமும் இருந்தால் உயர்ந்த விளிம்புள்ள தட்டுக்குள் ஏறுவதே பாடாகிவிடும்.

நீரிழிவோடு தொடர்பில்லாத காரணங்களையும் தேட வேண்டும். வயதான பூனைகளின் நாட்பட்ட சிறுநீரக நோய், இருசக்கர வாகனத்தில் அடிபட்டு இடுப்பெலும்பு கோணலாய்ச் சேர்ந்திருப்பது, மீன் முள்ளும் கோழி எலும்பும் மலத்தோடு சேர்ந்து இறுகுவது, நக்கி விழுங்கிய முடி ஆகியவை அவற்றில் சில. நீள்முடிப் பூனைகளுக்கு ஆசனவாயைச் சுற்றிய முடி மலத்தோடு ஒட்டிக் காய்ந்து வாசலையே அடைத்துவிடுவதுண்டு. வாலைத் தூக்கிப் பார்த்து, முடியைக் கத்தரித்துவிட்டாலே தீரும் சிக்கல் இது. பார்க்காமல் மருந்து கொடுப்பவர்களே அதிகம்.

நலமான பூனை பொதுவாக நாளுக்கு ஒருமுறையாவது மலம் கழிக்கும். இரண்டு நாள் கழிக்காவிட்டால் கவனிக்க வேண்டும். நீரிழிவுள்ள பூனையானால் அன்றே மருத்துவரிடம் பேசுவது நல்லது. மண்தட்டில் வெகுநேரம் உட்கார்ந்து முக்குவது, வெளிக்குப் போகும்போது கத்துவது, மலத்தின் மேல் ரத்தமோ சளியோ படிந்திருப்பது, வாந்தி, தீனியை மோந்துவிட்டு விலகுவது ஆகியவை அறிகுறிகள். இறுகிய மலத்தைச் சுற்றி வழியும் சிறிது நீர்த்த மலத்தைக் கண்டு வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடுவதும் உண்டு. இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று இருக்கிறது. ஆண் பூனை தட்டில் முக்கிக்கொண்டிருந்தால் அடைத்திருப்பது மலமா சிறுநீரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிறுநீர்க்குழாய் அடைத்த பூனை ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும். மணலில் ஈரம் இல்லையென்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

வீட்டு வைத்தியங்கள் இந்த நோயில் செய்யும் கெடுதல் பெரிது. பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழகிய விளக்கெண்ணெயைப் பூனையின் வாயில் ஊற்றுவது வழக்கம். அது குடலைக் கடுமையாகத் தூண்டி, ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பை மேலும் வற்றச் செய்கிறது. திமிறும் பூனைக்கு எந்த எண்ணெயை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபின் கலந்த மலமிளக்கிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. நெய்யும் வெண்ணெயும் கணைய அழற்சியுள்ள பூனைக்கு ஏற்றவையல்ல. நீரிழிவுப் பூனைகளில் கணைய அழற்சி அபூர்வமும் அல்ல. கற்றாழையின் மஞ்சள் பால் பூனைக்கு நஞ்சு. பால் கொடுத்தால் இளகும் என்பது ஓரளவு உண்மைதான், ஆனால் பாலிலும் சர்க்கரை இருக்கிறது. எல்லாவற்றையும்விடக் கொடியது, மனிதருக்கான சோடியம் பாஸ்பேட் எனிமா. பூனையின் ரத்தத்தில் பாஸ்பேட்டைத் திடீரென ஏற்றி, கால்சியத்தை இறக்கி, வலிப்பை உண்டாக்கி, அது பூனையைக் கொன்றுவிடக்கூடும். அதை எந்தப் பூனைக்கும் எந்த அளவிலும் பயன்படுத்தக் கூடாது.

மருத்துவர்கள் அதிகம் எழுதித்தரும் மலமிளக்கிகள் இரண்டு. லாக்டுலோஸ் சிரப் பலனுள்ளது. ஆனால் அதில் கேலக்டோஸ், லாக்டோஸ் ஆகிய சர்க்கரைகள் சிறிதளவு கலந்திருப்பதால் நீரிழிவில் எச்சரிக்கையோடு கொடுக்கப்படுகிறது. சுவையற்ற பாலிஎதிலீன் கிளைக்கால் 3350 தூள் உடம்பில் கிட்டத்தட்ட உறிஞ்சப்படாமல் குடலில் நீரைத் தக்கவைப்பதால் நீரிழிவுப் பூனைக்குப் பொருந்தும். தேக்கரண்டியில் எட்டில் ஒன்று முதல் கால் பங்குவரை நாளுக்கு இருவேளை தீனியில் கலப்பது வழக்கமான தொடக்க அளவு. குடலைக் கழுவ உப்புகள் சேர்த்து விற்கப்படும் பொட்டலம் வேறு. அதை வீட்டில் கலக்கக் கூடாது. இசப்கோல் உமி சிலவற்றுக்கு உதவும். ஆரஞ்சு வாசனையோடு வருபவற்றில் சர்க்கரை சேர்ந்திருக்கலாம் என்பதால் வெறும் உமியே ஏற்றது. அதையும் நீர் வற்றிய பூனைக்குக் கொடுத்தால் அடைப்பு கூடும். குடலியக்கத்தைத் தூண்டும் சிசாப்ரைடு மனிதர் பயன்பாட்டுக்கு இந்தியாவில் 2011 இல் தடை செய்யப்பட்டது. அந்த இடத்தில் புரூகலோப்ரைடு கொடுப்பதுண்டு.

உணவில்தான் நீடித்த பலன் கிடைக்கும். நான்கு கிலோ பூனைக்கு உணவிலிருப்பதையும் சேர்த்து நாளுக்கு 200 முதல் 240 மில்லி நீர் வேண்டும். உலர்தீவனத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் நீர்; ஈரத்தீவனத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல். மாவுச்சத்து குறைந்த ஈரத்தீவனம் சர்க்கரையையும் மலத்தையும் ஒருங்கே சீராக்கும். தயிர்சாதம், பால்சோறு, மீன்குழம்பு பிசைந்த சோறு ஆகியவற்றில் சோறே மிகுதி என்பதால் அவற்றை நிறுத்துவது நல்லது. குழம்பில் வெங்காயமும் பூண்டும் வேறு இருக்கின்றன. அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மரக்காணம், புதுச்சேரிக் கரைகளிலிருந்து வரும் மத்தியையோ நெத்திலியையோ உப்பின்றி வேகவைத்து, முள் நீக்கி, வெந்த நீரோடு கொடுத்தால் பூனை மறுக்காது. இது தீவனத்துக்குத் துணையே தவிர முழு உணவாகாது. கருவாட்டில் உப்பு மிகுதி. வேகவைத்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி நார்ச்சத்துக்குப் போதும். பெருங்குடல் விரிந்து தளர்ந்துபோன பூனைக்கு நார்ச்சத்து மலத்தின் பருமனைக் கூட்டி நிலையைக் கெடுக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் வீட்டின் பல மூலைகளில் அகலமான கிண்ணங்களில் தண்ணீர் வைப்பது பயன்தரும். உலர்தீவனத்திலிருந்து திடீரென மாறினால் சர்க்கரை வேகமாக இறங்கும் என்பதால், இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டே மாற்ற வேண்டும்.

மலம் இறுகிய பூனை சாப்பிடாது. சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் ரத்தச் சர்க்கரை சரிந்து, தள்ளாட்டமும் வலிப்பும் வரும். அதற்காகப் பல நாள் இன்சுலினை நிறுத்தினால் கீட்டோன்கள் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். காதோரம் ஒரு துளி ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் பார்த்து, அன்றைய அளவை மருத்துவரிடம் கேட்பதே முறை. கேட்க வழியில்லாதபோது ஒருவேளையைத் தவறவிடுவது அதிகமாகப் போடுவதைவிடப் பாதுகாப்பானது. பூனை சோர்ந்து தள்ளாடினால் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே கிளம்ப வேண்டும்.

இந்தியாவில் சிரிஞ்சு குழப்பம் தனியாகச் சொல்லத்தக்கது. இங்கு வழக்கிலுள்ள இன்சுலின் புட்டிகளில் மில்லிக்கு 40 யூனிட் உள்ளவையும் 100 யூனிட் உள்ளவையும் உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. பூனைகளுக்கு அதிகம் தரப்படும் கிளார்ஜின் 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு ஏற்றினால் உள்ளே போவது இரண்டரை யூனிட். பூனைக்குப் பெரும்பாலும் ஒரு யூனிட்டில் தொடங்கும் சிகிச்சையில் இந்த வேறுபாடு உயிரைப் பறிக்கும்.

மூன்று நாளுக்கு மேல் அடைத்த பூனைக்கு வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தில் பெருங்குடலின் அகலத்தை முதுகெலும்புத் துண்டின் நீளத்தோடு ஒப்பிடுவார். ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தால் குடல் விரிந்துவிட்டது என்று பொருள். முதலில் சிரைவழி நீரேற்றி, பொட்டாசியத்தைச் சரிசெய்து, பிறகு வெதுவெதுப்பான நீர் எனிமா கொடுப்பார்கள்; தேவையானால் மயக்கத்தில் கையால் எடுப்பார்கள். எதற்கும் மசியாத குடலின் பெரும்பகுதியை அறுத்து நீக்குவது கடைசி வழி. கிராமங்களின் கால்நடை மருந்தகங்கள் மாட்டையும் ஆட்டையும் பார்ப்பதற்கென்றே அமைந்தவை. ஆகவே இத்தகைய சிகிச்சைக்குத் திருவக்கரைப் பகுதியினருக்கு அருகிலிருப்பது புதுச்சேரி குரும்பாப்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம். அடுத்தது 1903 இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. போகும்போது இன்சுலின் புட்டி, சிரிஞ்சு, தீவனப் பொட்டலம், கடைசியாக மலமும் சிறுநீரும் கழித்த நேரம், சர்க்கரை அளவுகள் குறித்த தாள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.