திரும்பக் கட்டாத மதில்



சென்ற மாதம் நம் பங்குப் பேரவையில் ஒரு பேச்சு எழுந்தது. ஆலயத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய பள்ளிக்கூடத்தை இடித்து, அந்தக் கல்லையும் செங்கல்லையும் புதுச் சுற்றுச்சுவருக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். கூரை ஒழுகுகிறது, பாம்பு அடைகிறது, பிள்ளைகள் விளையாட அங்கேதான் ஓடுகிறார்கள். எல்லாம் உண்மைதான். நாமும் சரி என்று தலையசைத்துவிட்டோம். அன்றிரவு கங்கைகொண்ட சோழபுரம் நினைவுக்கு வந்தது.

ஜெயங்கொண்டத்துக்கு அருகிலுள்ள அந்தக் கோவிலை அறியாதவர் அரியலூர்ப் பக்கம் இருக்க முடியாது. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய தலைநகரில் இன்று முழுதாக நிற்பது அது ஒன்றுதான். 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் கிழக்கு வாசலில் கோபுரம் அடிப்பகுதியோடு நின்றுபோயிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஏதோ படையெடுப்பில் போயிருக்கும் என்றுதான் நாமும் பல காலம் எண்ணியிருந்தோம்.

நடந்தது வேறு. 1836-இல் ஆங்கிலேய அரசு கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியது. நாம் அணைக்கரை என்று சொல்கிறோமே, அதுதான். அதற்குக் கருங்கல் தேவைப்பட்டது. மலையைத் தேடிப் போவதைவிடப் பக்கத்துக் கோவில் மதிலைப் பெயர்ப்பது எளிதாக இருந்தது. மதிலும் போனது, கோபுரமும் போனது.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஏழைச் சனங்கள் தங்களால் இயன்ற மட்டும் தடுத்துப் பார்த்தார்கள் என்று 1855-ஆம் ஆண்டின் ஆங்கிலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அவர்களுக்குக் கிடைத்தது அவமதிப்புத் தண்டனை! கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்பதையும் அதே குறிப்பு வருத்தத்தோடு பதிவு செய்கிறது. எழுதியவர் நம்மவர் அல்லர். ஆனாலும் மனசாட்சியோடு எழுதியிருக்கிறார். தன் தந்தையரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கே விட்டுக்கொடுக்க மறுத்த நாபோத்தை விவிலியத்தில் பெயரோடு அறிவோம். இந்த ஊரார் பெயர் ஒன்றுகூட அக்குறிப்பில் இல்லை.

அணையைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. அந்தத் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. எத்தனையோ வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. கல் வயலுக்குப் பயன்பட்டது என்று ஒருவர் வாதாடினால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஊராரை யாரும் கேட்கவில்லையே. கேட்காமல் எடுத்தார்கள், எதிர்த்தவர்களைத் தண்டித்தார்கள், சொன்ன சொல்லையும் மறந்தார்கள்.

வெள்ளைக்காரனோடு கதை முடிந்துவிட்டால் நமக்குச் சௌகரியம். மாளிகைமேட்டில் சோழர் அரண்மனை இருந்த இடத்துச் செங்கல்லைத் தோண்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் நம் பக்கத்துச் சனங்கள்தாம். மிஞ்சிய அடிச்சுவர்களைத்தான் தொல்லியல் துறை 1980 முதல் தேடி வருகிறது, 2021-இலும் தோண்டினார்கள். பெரம்பலூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையை நம்மில் எத்தனை பேர் பேருந்துச் சன்னலோடு சரி என்று விட்டிருக்கிறோம்? 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபுக்காக மோதிய வாலிகண்டபுரப் போரைக் கண்ட கோட்டை அது.

நம் பள்ளிக்கூடம் சோழர் கட்டியதல்ல; யுனெஸ்கோவும் வரப்போவதில்லை. ஆனால் நம் பங்கின் பாட்டிமார் பலர் முதன்முதலில் தம் பெயரை எழுதியது அந்தத் தரையில்தான். அவர்களை நாம் கேட்கவே இல்லை. ஆகவே அன்று அசைத்த தலையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் அந்தப் பூட்டைத் திறக்கிறோம். கொத்தனார் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பார். அங்கே படித்த பெரியவர்களை அன்பியப் பொறுப்பாளர்கள் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். இடிப்பதா, கூரையை மாற்றுவதா என்பதை அவர்கள் பேசி முடித்தபின் பார்ப்போம்.