பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே



பேரனுக்கு வாங்கிய குட்டி ரயிலோடு தாத்தாதான் அதிக நேரம் இருக்கிறார் என்று வீட்டில் பேச்சு. உண்மைதான். செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் நம் காஞ்சிபுரம் வழியாக ஓடிய பழைய மீட்டர் கேஜ் வண்டியை 87-இல் ஒரு பங்கு அளவில் செய்கிறேன். பெயின்ட், ஜன்னல் கம்பி எல்லாம் வந்துவிட்டன. கப்ளிங்தான் பாடாய்ப் படுத்துகிறது.

பொம்மை ரயிலில் பெரிய பிளாஸ்டிக் கொக்கி ஒன்று வரும். தள்ளினால் மாட்டிக்கொள்ளும், குறுகிய வளைவிலும் திரும்பும். விளையாட்டுக்கு அது போதும். ஆனால் எந்த நாட்டு வண்டி, எந்தக் காலத்து வண்டி என்பதை அந்தக் கொக்கி மறைத்துவிடுகிறது. வரலாற்று வாத்தியாருக்கு இது பொறுக்குமா?

ஆரம்பத்தில் ரயில் பெட்டிகளை வெறும் சங்கிலியால்தான் கோத்தார்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் இடி இடியாக இடிக்கும். லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வேயின் ஹென்றி பூத் 1836-இல் நடுவே திருகு வைத்தார். முறுக்க முறுக்க இரண்டு பெட்டிகளின் பஃபர்களும் ஒன்றையொன்று அழுத்தி நிற்கும், குலுக்கல் குறையும். நம் அகலப் பாதைப் பயணப் பெட்டிகளுக்கு வந்தது இந்த ஸ்க்ரூ கப்ளிங்தான். 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளிலும் இதுவே.

இதில் ஒரு சங்கடம். மாட்டுவதற்கு ஓர் ஆள் இரண்டு பெட்டிக்கும் நடுவே குனிந்து நுழைய வேண்டும். வண்டி ஓரடி நகர்ந்தால் பஃபர்களுக்கு நடுவே அவர் கதி என்ன? அமெரிக்காவில் வளையமும் முளையும் கொண்ட கப்ளிங் இருந்தது. அதை மாட்டப் போய்க் கை விரல் இழந்தவர்கள் ஏராளம், உயிரை விட்டவர்களும் உண்டு. ஈலை ஜேனி என்பவர் மரத்தைச் செதுக்கி மாதிரி செய்து பார்த்து, 1873-இல் காப்புரிமை வாங்கினார். மடக்கிய விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோப்பது போன்ற அமைப்பு. மோதினால் தானே பூட்டிக்கொள்ளும். ஆனாலும் ஆள் நடுவே போகத் தேவையில்லாத தானியங்கிக் கப்ளிங்கைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே 1893-இல்தான் வந்தது. இருபது வருடம்! ஜப்பான்காரர்கள் நாள் குறித்து, 1925 ஜூலை 17-இல் நாட்டின் பெரும்பகுதியில் ஒரே நாளில் மாற்றி முடித்தார்கள்.

நம் நாட்டில் சரக்கு வேகன்களுக்கு நடுக் கப்ளர் முதலில் வந்தது, பயணிகளுக்கு வெகுகாலம் கழித்து எல்.எச்.பி. பெட்டிகளோடு வந்தது. விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறாமல் தடுப்பது அதன் பெரிய நன்மை. இரண்டு வகையோடும் சேர வேண்டியிருந்ததால், பல என்ஜின்களில் நடுக் கப்ளரோடு பக்கவாட்டு பஃபரும் திருகும் சேர்ந்தே இருப்பதைப் பார்க்கலாம்.

ஆகவே மாடல் செய்கிறவர்களுக்கு என் யோசனை: முதலில் வருடத்தை முடிவு செய்யுங்கள், கப்ளிங் தானாக முடிவாகும். எல்.எச்.பி. என்றால் கேடி கப்ளர் பொருந்தும். அதுவும் விரல் கோக்கும் வகைதான். பழைய ஐ.சி.எஃப். என்றால் திருகு. ஆனால் அந்தப் பெட்டி மாடலில் 24.5 சென்டிமீட்டர் நீளம். வளைவு குறுகினால் பஃபர்கள் சிக்கி வண்டி தடம் புரளும். அதனால் எப்போதும் சேர்ந்தே ஓடும் பெட்டிகளுக்கு நடுவே எளிய கம்பி இணைப்பு வைத்து, வண்டியின் இரு முனைகளில் மட்டும் அசலைப் போலச் செய்வது புத்திசாலித்தனம். எல்லாப் பெட்டியிலும் உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று ஓர் அட்டையில் கோடு போட்டுப் பாருங்கள். உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்கும் நம் ஊர் நெசவாளருக்கு, இணைப்பு பிசகினால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டர் கேஜ் கதையே வேறு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பஃபர் கிடையாது. நடுவில் ஒன்றே ஒன்று, அதன் மேல் எதிர்ப் பெட்டியில் போய் விழும் கொக்கி. கடையில் கிடைப்பது எதுவும் அதற்குச் சரிப்படவில்லை. பித்தளைக் கம்பியை வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் யாரிடமாவது மீட்டர் கேஜ் பெட்டியின் முன்முனை தெரியும் பழைய புகைப்படம் இருந்தால் அனுப்புங்கள். என்ஜின் படம் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.