வேடல் முதல் மாத்தூர் வரை: உயர்கல்வியின் செலவைச் சுமந்தோர்

சமண முனிவர்கள் உறைந்த இடம் பள்ளி எனப்பட்டது. அங்கேயே பாடமும் நடைபெற்றமையால் கல்விக்கூடத்திற்கும் அப்பெயர் நிலைத்தது என்பர். அப்பள்ளிகளின் செலவைத் தாங்கியோர் யார் என்பதற்கு வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் குன்றின் கல்வெட்டு விடை பகர்கின்றது. முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரார் ஏற்றனர் எனக் கூறுகின்றது. கற்போரின் சுமையை அன்று ஊரே சுமந்தது.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரும், உயர்ந்த தொழிற்கல்வியை நாடியோர் பலர் கப்பலேற வேண்டியிருந்தது. திகம்பர சமண அறிஞர் சம்பத்ராய் ஜைன் 1892-இல் இங்கிலாந்து சென்று, பாரிஸ்டராகத் திரும்பினார். வசதியுள்ள குடும்பங்களுக்கே அவ்வழி திறந்திருந்தது.

பொருளியல், நிதித் துறைகளில் இந்நிலையை மாற்ற முயன்றோருள் ஒருவர் ராஜா செல்லையா. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1991-இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1993-இல் அவர் நிறுவிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இன்று கோட்டூர்புரத்தில் நிதிப் பொருளாதார முதுகலைப் பாடத்தை நடத்துகின்றது. கடல் கடந்து கற்ற ஒருவர், அடுத்த தலைமுறை கடல் கடவாமலே கற்க வழிசெய்தார்.

2014 சனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அயல்நாட்டில் முதுகலை பயிலும் சிறுபான்மை மாணவர்க்குப் படிப்புக் காலத்தில் கல்விக்கடன் வட்டியை அரசே ஏற்ற 'படோ பர்தேஷ்' திட்டம் நம்மவர்க்கும் கிட்டியது. அத்திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. இன்று டாம்கோ கழகத்தின் கல்விக்கடன் உள்ளது. அதன் முதல் திட்டத்தில் ரூ.20 லட்சம் வரை 3 விழுக்காடு வட்டி; இரண்டாம் திட்டத்தில் ரூ.30 லட்சம் வரை மாணவர்க்கு 8, மாணவியர்க்கு 5 விழுக்காடு. குடும்ப வருமானமே எத்திட்டம் என்பதை முடிவு செய்யும்.

இவ்வரலாற்றின் இன்றைய முனையில் நிற்பது மாத்தூர் போன்ற ஊர். இந்திய அரசும் அமெரிக்க, ஈரானிய நிறுவனங்களும் பங்கேற்று 1965-இல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை அடுத்துள்ள இப்பகுதி, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்துச் சிறுவீடு கட்டிய பெற்றோர், வணிகவியல் பட்டம் பெற்ற மகளை நிதித்துறை முதுகலைக்கு எங்கே அனுப்புவது எனக் கணக்கிடுகின்றனர். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது மெய்யே. ஆயினும் வாழ்க்கைச் செலவிற்கென ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்னதாகவே வங்கியில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள நிலை. ரூ.7.5 லட்சத்திற்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். அப்போது வீட்டுப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வரும். உள்ளூரில் பயின்றால் விடுதிச் செலவும் அந்நியச் செலாவணி ஏற்ற இறக்கமும் இல்லை.

எனவே கல்விக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது கணக்காகாது. வாழ்க்கைச் செலவு, வட்டி, நாணய மாற்று, வேலை கிடைக்கும் வரையிலான மாதங்கள் ஆகிய நான்கையும் கூட்டிய பின்னரே எவ்வழி எளியது என்பது புலப்படும். பரிக்கிரகத்திற்கு அளவு வகுக்கும் அணுவிரதம் சாவகர்க்கு விதிக்கப்பட்டது. கடனுக்கும் அவ்வளவு பொருந்தும்.

ஆகார, ஔடத, அபய தானங்களோடு சாத்திர தானத்தையும் நம் முன்னோர் வைத்தனர். நூல் வழங்குவதோடு அது நிறைவுறுவதன்று என்பதை வேடல் ஊரார் செய்து காட்டினர். ஒரு மாணவியின் முதலாண்டுக் கட்டணத்தை அறக்கட்டளையும் சுற்றத்தாரும் பகிர்ந்து ஏற்பின், மாத்தூர் வீட்டின் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும். வேடல் குன்றின் அறமும் தொடரும்.