பறங்கி முதல் வடக்கன் வரை

ஊத்துக்கோட்டையைத் தொட்டுக் கிழக்கே ஓடும் ஆரணியாறு சென்று சேரும் பழவேற்காட்டில், 16ஆம் நூற்றாண்டில் குடியேறிய போர்ச்சுகீசியரைத் தமிழர் ‘பறங்கி’ என்றனர். இச்சொல்லின் வேர் போர்ச்சுகலில் இல்லை. ஐரோப்பாவின் ‘பிராங்கு’ என்னும் இனப்பெயரை, சிலுவைப்போர்க் காலத்தில் அரபியர் மேற்கு ஐரோப்பியர் அனைவருக்கும் பொதுவாக்க, அது பாரசீகத்தின் வழியே இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தது. மாட்டிறைச்சியும் மதுவும் கொள்வோர் என்ற இகழ்ச்சி அதில் அவ்வளவு ஆழமாகப் படிந்திருந்ததால், 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, தாம் பறங்கி அல்லர் என்று வெளிப்படையாக அறிவிக்க நேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய் பறங்கிக்காய் ஆனதும், மேகநோய்ப் புண் பறங்கிப்புண் ஆனதும் இதே போக்கில்தான். 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்களுக்கோ, ஹாலந்து என்னும் நாட்டுப்பெயரிலிருந்தே ‘ஒல்லாந்தர்’ என்ற பெயர் வாய்த்தது. அதில் வசை ஏறவில்லை.

ஓர் இனத்தின் பெயர் வேறோர் இனத்தின்மேல் ஏறி நிற்பது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. ஸ்பானிய மொழியில் அயலாரைக் குறிக்கும் ‘கிரிங்கோ’, கிரேக்கரைச் சுட்டும் ‘கிரியேகோ’ என்பதன் திரிபு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிரேக்கரின் ஒரு பிரிவாகிய அயோனியரின் பெயரே இந்தியாவில் ‘யவனர்’ ஆகி, பின்னர் அரபு முசுலிம்களைக் குறிக்கும் ‘சோனகர்’ ஆயிற்று என்பதையும் இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும்.

சங்கப் பாடல்கள் வேங்கடத்துக்கு வடக்கே வாழ்ந்தோரை ‘வடுகர்’ என்கின்றன. அது திசையால் அமைந்த பெயர். தெலுங்கரைக் குறிக்க, ‘தெலுகு’ என்பதைத் தலைகீழாக்கியதால் பிறந்ததாகச் சொல்லப்படும் ‘கொல்ட்டி’ என்பதோ வெறும் ஏளனம். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், ஊத்துக்கோட்டைக்கு அண்டையிலுள்ள சத்தியவேடு ஆந்திரத்துக்கும் மாறியபோது, இரு மொழியும் புழங்கிய இப்பகுதியில் எல்லைக்கோடுதான் இடம் மாறியதே தவிர, உறவுகள் மாறவில்லை. ஆகவே இங்கே அந்த ஏளனம் பெரும்பாலும் சொந்த உறவின்மீதே போய் விழுகிறது.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உழைக்கும் ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் தொழிலாளர்களை ‘வடக்கன்’ என்றும், பீகாரையே பார்த்திராதவரைக்கூடப் ‘பீகாரி’ என்றும் அழைக்கின்றனர். ஒடியா பேசுபவர் ‘இந்திக்காரர்’ ஆகிறார். அரபியர் பிராங்குகளின் பெயரை ஐரோப்பியர் எல்லார்க்கும் சூட்டிய அதே முறை இது.