குடிமக்கள் இதழியல்

செய்தித் தொழிலைப் பிழைப்பாகக் கொள்ளாத ஒருவர் தாம் நேரில் கண்டதையோ விசாரித்து அறிந்ததையோ செய்தியாக்கிப் பொதுவில் வைப்பது குடிமக்கள் இதழியல். மக்கள் இதழியல் என்றும் சொல்வதுண்டு. எழுத்து, ஒளிப்படம், காணொளி, குரல் பதிவு என எந்த வடிவிலும் இது அமையும். ஆசிரியருக்கு வாசகர் எழுதும் கடிதத்தை இதில் சேர்ப்பது வழக்கமில்லை. ஆனாலும், தெருக்குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று எழுதப்படும் கடிதம் முக்கால் பங்கு செய்திதான்.

கையில் கேமரா வைத்திருந்த பொதுமக்கள் செய்தியைப் பதிவு செய்தது இணையத்துக்கு வெகுகாலம் முன்பே நடந்திருக்கிறது. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டதை 8 மி.மீ. கேமராவில் பிடித்தவர் ஆப்ரகாம் சப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர். 26 நொடி ஓடும் அந்தச் சுருளின் உரிமையை ‘லைஃப்’ இதழ் 1,50,000 டாலருக்கு வாங்கி, அசையாப் படங்களாக அச்சிட்டது. ஓடும் படமாக அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது 1975-ல்தான். 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் காவலர்கள் ராட்னி கிங் என்பவரை அடித்துத் துவைத்ததைத் தன் வீட்டு மாடத்திலிருந்து பதிவு செய்த ஜார்ஜ் ஹாலிடேயும், நாடாவைத் தூக்கிக்கொண்டு ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. படம் எடுப்பது யார் கையிலும் இருந்தது. வெளியிடுவது சிலர் கையில் மட்டுமே இருந்தது. அந்தப் பூட்டை உடைத்தது இணையம். 1999 நவம்பரில் சியாட்டில் நகரில் உலக வணிக அமைப்புக்கு எதிராகத் திரண்டவர்கள் ‘இண்டிமீடியா’ தளத்தைத் தொடங்கித் தங்கள் செய்தியைத் தாங்களே போட்டார்கள்.

தென்கொரியா: பச்சை விறகும் தணலும்

இந்த இதழியலை ஒரு நிறுவனமாகவே கட்டி நிறுத்தியது தென்கொரியாவின் ‘ஓமைநியூஸ்’. 2000 பிப்ரவரி 22 அன்று, பிற்பகல் 2 மணி 22 நிமிடத்துக்கு, 727 குடிமக்கள் நிருபர்களுடன் அது தொடங்கியது. நிறுவனர் ஓ யோன்ஹோ, ‘மல்’ என்ற மாத இதழில் நிருபராக இருந்தவர். 1950-ல் நோகுன்ரி என்ற இடத்தில் அமெரிக்கப் படையினர் கொரிய அகதிகளைக் கொன்றதைப் பற்றி அவர் 1994-லேயே அந்த இதழில் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1999-ல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் அதையே வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் கிடைத்தது. என்ன எழுதுகிறோம் என்பதைவிட எந்தப் பத்திரிகையில் எழுதுகிறோம் என்பதற்குத்தான் மதிப்பு என்று அவர் உணர்ந்தது அப்போதுதான். கொரிய நாளிதழ் உலகம் சோசுன், ஜுங்காங், தொங்கா என்ற மூன்று பழமைவாத ஏடுகளின் பிடியில் இருந்தது. ‘ஒவ்வொரு குடிமகனும் நிருபரே’ என்பது ஓமைநியூஸ் முழக்கம்.

முழக்கத்தைவிடக் கவனிக்க வேண்டியது அதன் செய்தி மேசை. நிருபராகச் சேர்பவர் உண்மைப் பெயரில் பதிய வேண்டும், நெறிமுறைகளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். வந்து விழும் கட்டுரைகளைச் சம்பளம் வாங்கும் துணையாசிரியர்கள் படித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வாகாதவற்றுக்கு ‘பச்சை விறகு’ என்று பொருள்படும் கொரியச் சொல், தேர்வானால் ‘தணல்’. தணலான கட்டுரைக்கு 2,000 வொன், முகப்பில் முதலிடம் பெற்றால் 20,000 வொன். டீக்காசு என்று சொல்லலாம். ஆனாலும் எழுதக் குவிந்தார்கள்.

பத்திரிகை உலகம் இவர்களை உடனே ஏற்கவில்லை. 2001-ல் இஞ்சோன் விமான நிலையச் செய்தியாளர் அறையிலிருந்து ஓமைநியூஸ் நிருபர் வெளியேற்றப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 2002 ஜூனில் அமெரிக்க ராணுவ வாகனம் ஏறி இரண்டு பள்ளி மாணவிகள் இறந்தார்கள்; ஆண்டின் இறுதியில் மெழுகுவத்தி ஊர்வலங்கள் பெருகியதில் இத்தளத்துக்குப் பெரும் பங்குண்டு. டிசம்பர் அதிபர் தேர்தலில் வென்ற ரோ மூஹ்யோன் தமது முதல் பேட்டியை ஓமைநியூஸுக்கே கொடுத்தார்.

இதன் மறுபக்கமும் அந்த ஊர்வலங்களிலேயே தெரிந்தது. மெழுகுவத்தி ஏந்துவோம் என்று இணையத்தில் அழைப்பு விடுத்தவர், அதே அழைப்பை வேறு யாரோ விடுத்ததுபோல ஓமைநியூஸில் தாமே செய்தியாக எழுதியிருந்தார். இது பிறகு அம்பலமானது. நிகழ்வில் பங்கு கொண்டவரே நிருபராகவும் இருப்பது இவ்வகை இதழியலின் பலம், சிக்கலும் அதுதான்.

பெரிய இணைய வாயில்கள் செய்தியையும் விளம்பரத்தையும் அள்ளிக்கொண்டதும் ஓமைநியூஸின் வருமானம் வற்றியது. 2006-ல் தொடங்கிய ஜப்பானியப் பதிப்பு இரண்டே ஆண்டில் நின்றது. 2009-ல் மாதம் 10,000 வொன் தரும் 1,00,000 ஆதரவாளர்களைத் தேடும் இயக்கத்தை நிறுவனம் தொடங்கியது.

மேசை இல்லாத செய்தி

2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. அன்று ஒரு நாளில் பிபிசிக்குப் பொதுமக்களிடமிருந்து 1,000-க்கும் மேற்பட்ட படங்களும் ஏறத்தாழ 20,000 மின்னஞ்சல்களும் வந்தன. இப்படி வருபவற்றைச் சலித்தெடுக்க அந்நிறுவனத்தில் தனிப் பிரிவே இருந்தது. பின்னர் வந்த சமூக ஊடகங்களில் சலிப்பவர் யாருமில்லை. 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் ரெடிட் தளத்தில் துப்பறியக் கிளம்பியவர்கள், காணாமற்போயிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் குற்றவாளி என்று பரப்பினார்கள். அவருக்கும் குண்டுக்கும் எந்தத் தொடர்புமில்லை. பிறகு அவர் உடல்தான் கிடைத்தது. இந்தியாவில் குழந்தை கடத்தல் வதந்திகள் உயிர்ப்பலி வாங்கியபின், 2018-ல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் பார்வேர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்ஆப் கட்டுப்படுத்தியது.

சரிபார்ப்பதையே குடிமக்கள் கையிலெடுத்த முயற்சியும் உண்டு. எலியட் ஹிக்கின்ஸ் 2014-ல் தொடங்கிய ‘பெல்லிங்கேட்’, பொதுவெளியில் கிடக்கும் படங்களையும் செயற்கைக்கோள் காட்சிகளையும் ஒப்பிட்டு, உக்ரைன் வானில் வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தின் மீது ஏவுகணையை ஏவிய வண்டி சென்ற பாதையைக் கண்டறிந்தது.

இந்தியா, இலங்கை

இந்தியாவில் தனியார் பண்பலைகளும் சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. பிபிசியில் பணியாற்றிய சுப்ரான்சு சௌத்ரி 2010-ல் சத்தீஸ்கரில் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ இதற்குக் கண்ட வழி மிஸ்டு கால். ஓர் எண்ணை அழைத்துத் துண்டித்தால் கணினி திரும்ப அழைக்கும். செய்தியைக் கோண்டி மொழியிலோ இந்தியிலோ சொல்லிப் பதியலாம், மற்றவர் பதிந்ததைக் கேட்கலாம். ரேஷன் வராதது, வேலை உறுதித் திட்டக் கூலி நிலுவை, ஆசிரியர் இல்லாத பள்ளி என நாளிதழ்கள் எட்டிப்பார்க்காதவையே பெரும்பாலும் அதன் செய்திகள். பதிவுகளைக் கேட்டு, விசாரித்து வெளியிட இங்கும் ஆட்கள் இருந்தார்கள். 

இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில் அயல்நாட்டு நிருபர்களுக்குக் களத்தில் இடமில்லை. வெளியே வந்தவை கைப்பேசிக் காட்சிகள். கட்டப்பட்ட கைதிகள் சுடப்படும் காட்சியைச் சேனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. போலி என்று அரசு மறுத்தது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். படையினரே வெற்றிச் சின்னமாக எடுத்து வைத்துக்கொண்டதாகக் கருதப்படும் இத்தகைய காட்சிகளைக் குடிமக்கள் இதழியல் என்பது பொருந்தாது. எடுத்தவர் நோக்கம் செய்தி சொல்வதல்ல. பதுங்குகுழியிலிருந்து தமிழ் மக்கள் எடுத்தவற்றுக்கு அப்பெயர் பொருந்தும். 2011-ல் வெளியான சேனல் 4 ஆவணப்படத்தில் இரண்டு வகைக் காட்சிகளும் உள்ளன.

அடையாள அட்டை இல்லாதவர்கள்

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டு காவலரின் முழங்காலுக்கடியில் இறந்ததைப் பதிவு செய்த 17 வயது டார்னெல்லா ஃப்ரேசியருக்கு, மறு ஆண்டு புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு வழங்கியது. ஃப்ளாய்டு இறந்த அதே மாதத்தில், ஊஹான் நகரின் கொரோனா நிலவரத்தைக் கைப்பேசியில் பதிந்து வெளியிட்ட முன்னாள் வழக்கறிஞர் ஜாங் ஜான் சீனாவில் பிடிக்கப்பட்டார். ‘சச்சரவு கிளப்பித் தொல்லை விளைவித்தல்’ என்ற குற்றத்துக்காக டிசம்பரில் 4 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. 2024 மே மாதம் விடுதலையானவர், ஆகஸ்டில் மீண்டும் பிடிக்கப்பட்டார்.