ஓலையில் ஒரு பெயர்

கும்பப்பூ அறுவடை முடிந்து, வைக்கோற்படப்பு ஏறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நாகர்கோவிலில் ஒரு பாங்கில் உத்தியோகம். அவருடைய தாத்தா எங்கள் வயலில் உழுதவர். தாத்தாவின் தகப்பனாரும் அதே வயலில்தான் உழுதார் என்பது கேள்வி. படிப்புரையில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். அவருடைய தாத்தா அந்தப் படிப்புரையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்ற நினைவு எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும். இருவருமே சற்று நேரம் பேசவில்லை.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தின் வம்சாவளியை ஒரு மரமாக வரைந்து, கிளைகளில் முன்னோர் பெயர்களை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

“தாத்தாவுக்கு அப்பா வரைக்கும்தான் எனக்குத் தெரியும், அண்ணாச்சி. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல்ல. ஒங்க வீட்டு மச்சில ஓலை ஒரு பெட்டி கெடக்குன்னு தாத்தா சொல்லியிருக்காரு. எங்க ஆளுக பேரு அதுல ஏதாவது இருக்குமா?”

பார்த்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அவரோடு போகாமல் என்னிடமே தங்கிவிட்டது.

என் குடும்பத்தில் எட்டுத் தலைமுறைப் பெயர்களை நான் மூச்சு விடாமல் சொல்லிவிடுவேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முன்னோர்மீது எங்களுக்கு இருந்த பக்தியால் அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை, வழக்குகளால் நிலைத்தன. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இருந்த மருமக்கள்வழி முறையில் குடும்பச் சொத்து பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். ஆகவே யாருக்கு யார் மருமகன், எந்தத் தாய்வழியில் எந்தக் கிளை என்பதையெல்லாம் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியிருந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அந்த முறையின் அலங்கோலத்தை ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலில் சிரிக்கச் சிரிக்கப் பாடியிருக்கிறார். 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகுதான் அது ஒடுங்கத் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ குடும்பங்களில் நிலம் போயிற்று. பெயர்கள் மட்டும் மிஞ்சின.

வம்சாவளி என்பது பெரும்பாலும் சொத்தின் நிழல். சொத்து நீண்ட இடத்தில் நிழலும் நீளும். சரி, சொத்தே இல்லாதவனுக்கு? அதற்கும் கீழே, தானே இன்னொருவருடைய சொத்தாக இருந்தவனுக்கு?

உழவுக் கூலிக்காரனுக்கு எந்தத் தேசத்திலும் பூர்வீகம் கிடையாது என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியல்ல. இங்கிலாந்தில், எட்டாம் ஹென்றியின் மந்திரியாக இருந்த தாமஸ் கிராம்வெல் 1538-ல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு திருச்சபைக் கிராமத்திலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது உத்தரவு. பிரபுவின் மகனுக்கும் அந்தப் புத்தகம்தான். அவருடைய வயலில் களை பறிக்கிறவனின் மகனுக்கும் அதே புத்தகம்தான். 1841-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கிலோ வீட்டுக்கு வீடு ஒவ்வொருவரின் பெயரையும் எழுதினார்கள். அதனால் இன்று ஓர் ஆங்கிலேயன், கையெழுத்துப் போடத் தெரியாத தன் பாட்டனார்களைக்கூடப் பல தலைமுறை பின்னால் தேடிக்கொண்டு போக முடிகிறது.

தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ நாவலைப் படித்தவர்களுக்கு அதன் தொடக்கம் ஞாபகம் இருக்கும். ஊர் ஊராய்ச் சில்லறை வியாபாரம் செய்யும் ஏழைக் குடியானவன் ஒருவனை வழியில் ஒரு பாதிரியார், ‘சர் ஜான்’ என்று அழைக்கிறார். அவன் பழைய பிரபு வம்சம் ஒன்றின் வாரிசு என்பது அவருடைய ஆராய்ச்சி. அந்த ஒரு செய்தியால் அந்தக் குடும்பமே நாசமாகிறது. கதை அப்படி, ஆனால் அப்படி ஒரு கதை எழுதுவதற்கே பதிவுப் புத்தகம் இருக்கிற தேசமாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கூலிக்காரன் சுகமாக வாழ்ந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஹார்டியின் அதே டார்செட் பிரதேசத்தில் டால்படில் என்று ஒரு கிராமம். வாரக் கூலி ஒன்பது ஷில்லிங்கிலிருந்து ஏழுக்கு இறங்கி, இனி ஆறுதான் என்ற நிலை வந்தபோது, அங்கே கூலிக்காரர்கள் சத்தியம் செய்து சங்கம் வைத்தார்கள். அந்தச் சத்தியமே குற்றம் என்று 1834-ல் ஆறு பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ஊரெல்லாம் கிளர்ச்சி எழுந்தபின் மன்னிப்புக் கிடைத்தது. அவர்களில் ஜேம்ஸ் ஹாமெட் என்பவர் சொந்த ஊரில் வாழ்ந்து, ‘டெஸ்’ புத்தகமாக வெளிவந்த அதே 1891-ல் இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் டால்படிலில் இருக்கிறது. துன்பம் உண்டு, தண்டனை உண்டு, ஆனால் தண்டனைக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. சிறைப் புத்தகத்தில்கூட அவன் இன்னாரின் மகன் இன்னான்தான்.

இனி நம் பழையாற்றங்கரைக்கு வருவோம்.

டால்படில்காரர்களைக் கப்பலேற்றி இரண்டு வருஷம் கழிந்து, 1836-ல் திருவிதாங்கூரில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். சமஸ்தானத்தில் மொத்தம் 12,80,668 பேர். அவர்களில் 1,64,864 பேர் அடிமைகள். ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர். அவர்களை எண்ணினார்கள். கதிர்க் கட்டை எண்ணுகிறபோது எந்தக் கட்டுக்கும் நாம் பெயர் வைப்பதில்லை அல்லவா? அது போன்ற எண்ணிக்கை.

நம் தேசத்தில் அடிமைகளா என்று வியக்கும் வாசகர்கள் இருக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கப்பலில் கொண்டுபோன கதைதான் நமக்குப் பழக்கம். இங்கே கப்பல் தேவைப்படவில்லை. புலையர், பறையர், பள்ளர் முதலிய உழவுக் குடிகளை நிலத்தோடு விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். அதற்கெல்லாம் முறையாக ஓலை எழுதினார்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் இருந்த ஓலைகளைக் கவிமணி ஆராய்ந்திருக்கிறார், பின்னாளில் அ. கா. பெருமாள் அவற்றை நூலாகவும் கொண்டுவந்தார். நாஞ்சில் நாட்டின் வரி, மடை, கோயில், ஊர்க்கூட்டம் என்று எத்தனையோ செய்திகளுக்கு அவை களஞ்சியம். அடிமை விற்ற செய்தியும் அந்தக் களஞ்சியத்தில்தான் கிடக்கிறது.

1812-ல் ராணி லட்சுமிபாயின் ஆட்சியில், கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, அடிமைகளை வாங்கவும் விற்கவும் கூடாது என்று ஒரு விளம்பரம் பிறந்தது. நல்ல காரியம். ஆனால் அதில் ஒரு விலக்கு வைத்தார்கள்: நிலத்தோடு சேர்ந்த உழவு அடிமைகளுக்கு இது பொருந்தாது. அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் நிலத்தோடு சேர்ந்தவர்கள்தான். கதவைத் திறந்துவிட்டு வாசலில் சுவர் எழுப்பியதுபோல ஆயிற்று.

அந்தச் சுவரில் வேறொரு பக்கத்தில் சிறு பிளவு கண்டிருந்தது. மயிலாடியில் சாம்பவர் குடியில் பிறந்த மகராசன் என்பவர் சிதம்பர யாத்திரை போனார். தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவர் கேட்டுக்கொண்டபடி 1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் கோயில் எழுந்தது. மத விஷயத்தில் யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த உழவுக் குடிகளின் பெயரை, விலை போடாமல் ஒருவர் எழுதிக்கொண்டது அங்கேதான்.

பிறகு நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்தில் கூலிக்காரர் வீட்டுப் பெண்கள் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த அதே தொழில். இங்கே அடிமைக் குடியில் பிறந்த சில பெண்கள் அந்த நூலிழையில் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். நாகர்கோவில் லேஸ் என்று கடைகளில் கேட்டு வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

1847-ல் மிஷனரிமார் மகாராஜாவுக்கு விண்ணப்பம் போட்டார்கள். 1853-ல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்தரர் என்று விளம்பரம் வந்தது. 1855 ஜூன் மாதம், கொல்லம் 1030 மிதுனத்தில், அடிமை முறையே ஒழிந்தது. அந்த விளம்பரத்திலும் யார் பெயரும் இல்லை. விடுதலையான மறுநாளும் அவர்கள் அதே வயலில்தான் இறங்கினார்கள். கூலி அதே நெல்தான். அடுத்த தலைமுறைகளில் சிலர் அசம்பு மலைக் காப்பித் தோட்டங்களுக்கும் இலங்கைக்கும் போனார்கள். போனவர்களின் பெயர் கங்காணியின் கணக்கில் ஏறியது, கடனாக.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நாங்கள் தேட ஆரம்பித்தோம். தேடுகிறவர்களுக்கு இரண்டு உபாயங்களைச் சொல்லலாம். ஓலையில் இருப்பது கொல்லம் ஆண்டு. அதோடு 825 கூட்டினால், சில மாதங்களுக்கு 824 கூட்டினால், இங்கிலீஷ் வருஷம் கிடைக்கும். இரண்டாவது, நம் தமிழே கொடுத்த உபாயம். தாத்தாவின் பெயரை வைத்துக்கொள்கிறவன்தான் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. எழுதி வைக்க ஏடு இல்லாதவர்கள் பிள்ளையின் தலையிலேயே எழுதி வைத்தார்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் மாறி மாறி வரும். அது ஒரு சங்கிலி.

தாத்தாவின் பெயர் 1948-ல் கிடைத்தது. திருவிதாங்கூரில் வயது வந்தோர் எல்லோரும் முதன்முதலாக வோட்டுப் போட்ட வருஷம் அது. அவருடைய தகப்பனாரின் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்தது, மகனைச் சேர்த்தவராக. உழவர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று திருவனந்தபுரம் பக்கத்தில் அய்யன்காளி வேலைநிறுத்தம் நடத்தி, அதற்கப்புறம் திறந்த கதவு அது. அதற்கும் மேலே ஒரு கிளை கிறிஸ்தவமாகியிருந்தது. சபைப் புத்தகத்தில் புதிய பெயர் இருந்தது, பழைய பெயர் இல்லை. அங்கே வழி நின்றுவிட்டது.

மிஞ்சியது எங்கள் மச்சு. ஓலை படிக்கத் தெரிந்த ஒரு முதியவரைக் கூட்டிவந்தேன். மூன்று நாள் படித்தார். மூன்றாம் நாள் மாலையில், கொல்லம் ஆயிரத்துக்கு முந்திய ஓர் ஓலை வந்தது. வயல் இத்தனை, அதன் நான்கெல்லை, நிற்கும் மரங்கள், அப்புறம் இரண்டு ஆணும் ஒரு பெண்ணும். அந்த ஆண்களில் ஒருவன் பெயர் அவருடைய தாத்தாவின் பெயர். தகப்பன் பெயர் எழுதவில்லை. மரத்துக்குத் தகப்பன் பெயர் எழுதுவார்களா?

வாங்கியவர் பெயரும் இருந்தது. நான் மூச்சு விடாமல் சொல்லும் எட்டுப் பெயர்களில் ஒன்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு, “ஒன்றும் கிடைக்கவில்லை” என்று சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஓலையைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கதை எழுதுகிறவனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? ஆனால் வெகுநேரம் யோசித்தபோது ஒன்று விளங்கியது. என் வம்சாவளியும் அவர் வம்சாவளியும் ஒரே ஓலையில் இருக்கின்றன. அதை மறைத்தால் என்னுடைய எட்டுத் தலைமுறையும் பொய்யாகிவிடும்.

மறுநாள் அவரை வரவழைத்து ஓலையைக் கையில் கொடுத்தேன். முதியவர் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்கினது யாரு, அண்ணாச்சி?”

“எங்க பெரிய காரணவரு. எங்க பூட்டிக்குத் தாய்மாமன்.”

அவர் ஓலையைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் வெறுமையாக இருந்தது. “இது எங்க ஆளுதான்னு சொல்ல முடியுமா?” என்றார். பெயர் ஒன்று, வயல் ஒன்று, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றேன். தலையசைத்துவிட்டுத் தம் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“தம்பி, பிள்ளைகிட்ட இதைச் சொல்லப் போறீங்களா?”

“சொல்லணும்லா, அண்ணாச்சி. அவ கேட்டுட்டால்லா.”

ஒரு வாரம் கழித்து அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். கிளைகளுக்கெல்லாம் பச்சை வர்ணம். எல்லாவற்றுக்கும் அடியில், வேர் இருக்கும் இடத்தில், ஓலையில் கண்ட பெயர். அதற்கும் மேலே உள்ள கிளைக்கும் நடுவே கோடு போடாமல் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள் பெண்.

இதை எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எழுதலாம், ஆனால் எங்கள் யார் பெயரையும் போட வேண்டாம் என்றார். ஓலையில் எழுதியபோது யாரும் அந்த மனிதனைக் கேட்டிருக்கமாட்டார்கள். நான் கேட்டேன்; அவர் வேண்டாம் என்றார். ஆகவே இந்தக் கட்டுரையில் அந்தப் பெயர் இல்லை.